தப்பான மொத்தமே காரணம் சொல்லட்டும்: புதியவர்களுக்கு எக்செல் பயிற்சித் தாள் தயாரிக்கும் முறை

கம்ப்யூட்டரே தொடாதவர்களுக்கு எக்செல் சொல்லிக்கொடுக்கப் பயிற்சித் தாள் தயாரிக்கப் போகிறீர்களா? முதலில் எக்செலை மூடிவிட்டு ஒரு கால்குலேட்டரையும் பழைய நோட்டு ஒன்றையும் எடுத்துக்கொள்ளுங்கள். பயிற்சியில் என்னென்ன எண்கள் வரப்போகின்றன என்பதை அங்கேதான் முடிவுசெய்ய வேண்டும். பெரும்பாலான பயிற்சிப் புத்தகங்களில் எண்களை வாய்க்கு வந்தபடி போட்டிருப்பார்கள். பயிற்சி எடுப்பவர் தப்பு செய்தால் வாத்தியார் எழுந்து வந்து, கட்டம் கட்டமாகத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். இருபது பேர் இருக்கும் அறையில் அது நடக்கிற காரியமில்லை.

நான் திண்டுக்கல் மாவட்டத்தில் மகளிர் சுய உதவிக் குழுக்களில் கணக்கு எழுதுகிறவர்களுக்குப் பயிற்சி கொடுக்கிறேன். ஒட்டன்சத்திரம் காய்கறி மண்டியில் சிட்டை போடுகிற பிள்ளைகளும் சில சமயம் வந்து உட்காருவார்கள். இங்கே சொல்வதெல்லாம் இவர்களுக்காகச் செய்த தாள்களை வைத்துத்தான். வேறு மென்பொருள் சொல்லிக்கொடுப்பவர்களும் முறையை எடுத்துக்கொள்ளலாம், எண்களை மட்டும் தங்கள் தொழிலுக்கு ஏற்ப மாற்றிக்கொள்ள வேண்டும்.

தெரிந்த கணக்கிலிருந்து தொடங்குங்கள்

தமிழ்நாட்டில் சுய உதவிக் குழுத் திட்டம் 1989-ல் தருமபுரியில், சர்வதேச வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு தொடங்கியது. இன்று குழு இல்லாத ஊரே இல்லை என்று சொல்லலாம். கூட்டம், சேமிப்பு, உள்கடன், திருப்பிச் செலுத்துதல், கணக்கேடு என்ற ஐந்தையும் பஞ்ச சூத்திரம் என்பார்கள். அதில் ஐந்தாவதைப் பார்க்கிறவர்கள்தான் என்னிடம் வருகிறார்கள். தீர்மானப் புத்தகம், ரொக்கப் புத்தகம், உறுப்பினர் பேரேடு எல்லாம் அவர்களுக்கு அத்துப்படி. யார் எத்தனை தவணை பாக்கி என்று நோட்டைத் திறக்காமலே சொல்லுவார்கள். கம்ப்யூட்டர் மட்டும்தான் புதிது.

இப்படிப்பட்டவரை உட்காரவைத்து, எல்லா கம்ப்யூட்டர் சென்டரிலும் கொடுக்கிற அந்த மாணவர் மதிப்பெண் பட்டியலைக் கொடுத்தால் என்ன ஆகும்? தமிழ் 78, கணிதம் 64, மொத்தம், சராசரி. யாரோ ஒரு பையனின் மொத்தம் 437 என்று வந்தால் அவருக்கு அது சரியா தப்பா என்று தோன்ற வழியே இல்லை. அதே ஆளிடம் ஆளுக்கு 200 வீதம் பதினைந்து பேர் சேமிப்புக்கு 1,900 ரூபாய் என்று திரையில் காட்டிப் பாருங்கள். உடனே நிமிர்ந்து உட்கார்ந்து, "அது எப்படி மேடம், பதினஞ்சு பேருக்கு மூவாயிரம் வரணுமே" என்பார். அந்தச் சந்தேகம் விலை மதிப்பில்லாதது. அது எழக்கூடிய கணக்கை மட்டும் பயிற்சிக்கு எடுங்கள்.

ஒரு எச்சரிக்கை: நிஜக் குழுவின் பேரேட்டை அப்படியே தட்டிக் கொடுத்துவிடாதீர்கள். யார் கடனாளி என்பது பக்கத்து ஊருக்குத் தெரிய வேண்டியதில்லை. பெயர்களை மாற்றுங்கள், தொகைகள் மட்டும் நிஜத்தைப் போல இருக்கட்டும்.

எண்களைத் திட்டமிடுவது

சேமிப்புத் தாளில் பதினைந்து உறுப்பினர்கள். ஆளுக்கு மாதச் சேமிப்பு 200 ரூபாய். எல்லாருக்கும் 200 என்று போட்டு மொத்தம் 3000 என்று வைக்கத்தான் கை போகும். அப்படி வைத்தால் ஒரு சங்கடம் இருக்கிறது. விடை 2800 என்று வந்தால் ஒரு வரி விட்டுப்போனது தெரியும், எந்த வரி என்று தெரியாது. முதல் வரி, கடைசி வரி, நடுவில் ஒன்று, இந்த மூன்றும் மூன்று வேறு தவறுகள். கடைசி வரி விட்டிருந்தால் மவுஸை முழுவதும் இழுக்கவில்லை. முதல் வரி விட்டிருந்தால் இழுக்க ஆரம்பித்த இடமே தப்பு. நடுவில் விட்டிருந்தால் அந்தக் கட்டத்தில் இருப்பது எக்செலின் கணக்கில் எண்ணே கிடையாது. மூன்றுக்கும் மருந்து வேறு வேறு.

அதனால் முதல் ஆளுக்கு 250, கடைசி ஆளுக்கு 300, நடுவில் பதின்மூன்று பேருக்கு 200 என்று வையுங்கள். மொத்தம் 3150. எல்லாரும் ஒரே தொகைதானே கட்டுவார்கள் என்று கேட்பார்கள், கண்டிப்பாகக் கேட்பார்கள். போன மாதப் பாக்கியில் ஒருவர் 50, இன்னொருவர் 100 சேர்த்துக் கட்டினார் என்று குறிப்புக் கட்டத்தில் எழுதிவிடுங்கள். இப்போது ஒவ்வொரு தப்புக்கும் தனித் தனி விடை கிடைக்கும். என் தாளோடு கொடுக்கிற அட்டையின் பின்பக்கத்தில் இது அச்சாகி இருக்கும்:

2850 வந்தால், கடைசி ஆள் விட்டுப்போனார்.
2900 வந்தால், முதல் ஆள் விட்டுப்போனார்.
2950 வந்தால், நடுவில் ஒரு 200 எண்ணாக இல்லை. இடதுபக்கம் ஒட்டி நிற்கிற தொகையைத் தேடுங்கள்.
2970 வந்தால், ஒரு இடத்தில் 20 என்று தட்டியிருக்கிறது.
4950 வந்தால், ஒரு இடத்தில் 2000 ஆகிவிட்டது.
6300 வந்தால், கால்குலேட்டரில் போட்ட மொத்தத்தையும் சேர்த்துக் கூட்டியிருக்கிறது.

இரண்டு தப்பு ஒன்றாக நடந்தாலும் பெரும்பாலும் பிடித்துவிடலாம். முதல் ஆளும் நடுவில் ஒருவரும் விட்டால் 2700, நடுவில் இருவர் விட்டால் 2750. புதிதாகத் தாள் செய்யும்போது இதையெல்லாம் நோட்டில் போட்டுப் பாருங்கள். இரண்டு வெவ்வேறு தப்பு ஒரே விடையைத் தந்தால் எண்ணை மாற்றுங்கள்.

உள்கடன் தாளில் இந்த வேலை இன்னும் சுவாரசியமாக இருக்கும். 5000 ரூபாய் கடன், நூற்றுக்கு ஒரு ரூபாய் மாத வட்டி, பத்துத் தவணை என்று எடுத்துக்கொள்வோம். மீதி அசலுக்குத்தான் வட்டி. ஆனால் புதியவர்கள் ஃபார்முலாவைக் கீழே இழுக்கும்போது எல்லா மாதமும் முதல் 5000-க்கே வட்டி போட்டுவிடுவது உண்டு. அப்போது மொத்த வட்டி 500 வரும். தவணைத் தொகையும் 500! திரையில் 500-ஐப் பார்த்தவர் தவணையைத்தான் பார்க்கிறோம் என்று தாண்டிப் போய்விடுவார். பத்துத் தவணையும் நூற்றுக்கு ஒன்றும் சேர்ந்தால் அசல் எதுவானாலும் இந்தக் குழப்பம் வரும். எனவே 6000 ரூபாய், பன்னிரண்டு தவணை, மாதம் 500 அசல். சரியான மொத்த வட்டி 390. ஒவ்வொரு மாதமும் முழு அசலுக்கு வட்டி போட்டால் 720. தவணையைக் கழித்த பிறகு வட்டி போட்டால் 330. மூன்றும் வேறு.

மண்டிப் பிள்ளைகளுக்கு: 48 கிலோ, கிலோ 35 ரூபாய், நூற்றுக்குப் பத்து கமிஷன். சரக்கு மதிப்பு 1680, கமிஷன் போக 1512. பெருக்குவதற்குப் பதில் கூட்டினால் 83. நூற்றுக்குப் பத்து என்பதைப் பத்து ரூபாய் என்று கழித்தால் 1670. அவ்வளவுதான், முறை ஒன்றே.

இடதுபக்கம் ஒட்டி நிற்கும் தொகை

2950-க்குக் காரணமான தப்பைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் கணக்கு நன்றாகத் தெரிந்தவர்கள்தான் இதில் அதிகம் மாட்டுகிறார்கள். நோட்டில் தொகை எழுதும்போது யாரும் இடையில் எண்ணைச் சேர்த்துவிடாதபடி 200/- என்று முடிப்பது நம் ஊர் வழக்கம். ஒழுங்காகக் கணக்கு எழுதப் பழகிய கை அதை விடாது. எக்செலில் 200/- என்று தட்டினால் அது எண் இல்லை, வெறும் எழுத்து. ரூ.200 என்று தட்டினாலும் அதே கதைதான். சம் ஃபார்முலா எழுத்தைக் கண்டால் சத்தமில்லாமல் தாண்டிப் போய்விடும். சிவப்புக் கோடு கிடையாது, எச்சரிக்கை கிடையாது. மொத்தம் மட்டும் குறையும்.

டைப்ரைட்டிங் பாஸ் செய்த அக்காக்களிடம் வேறொன்று பார்த்திருக்கிறேன். பழைய டைப்ரைட்டர் சிலவற்றில் 1 என்ற எண்ணுக்குத் தனி பட்டனே இருக்காது, ஆங்கில எல் எழுத்தின் சின்ன வடிவத்தைத்தான் தட்டுவார்கள். அந்தப் பழக்கம் விரலில் இருந்தால் 100 என்பதன் முதல் எழுத்து எல் ஆகிவிடும். திரையில் கண்ணால் பார்த்தால் வித்தியாசமே தெரியாது.

தெரிகிற அடையாளம் ஒன்றுதான். எழுத்து கட்டத்தின் இடதுபக்கமும் எண் வலதுபக்கமும் ஒட்டி நிற்கும். இதை முதல் மணி நேரத்திலேயே கண்ணுக்குப் பழக்கிவிட வேண்டும். அதற்கு ஒரு நிபந்தனை உண்டு: யாரும் தொகைகளை நடுவில் வைக்கக் கூடாது. புதியவர்களுக்கு அந்த நடுவில் வைக்கும் பட்டன் மேல் தனி ஆசை. எல்லாவற்றையும் அழகாக நடுவில் கொண்டுவந்துவிட்டால் இருந்த ஒரே அடையாளமும் போச்சு. என் தாளில் அந்தப் பட்டன் வேலை செய்யாது. எப்படி என்று அடுத்துச் சொல்கிறேன்.

பூட்ட வேண்டியதைப் பூட்டுங்கள்

1980-களின் தொடக்கத்தில் ஐபிஎம் நிறுவனத்தின் ஆய்வுக்கூடத்தில் ஜான் கேரல் என்பவர், டிஸ்ப்ளேரைட்டர் என்ற வேர்டு ப்ராசஸரைப் புதியவர்கள் எப்படிக் கற்றுக்கொள்கிறார்கள் என்று பக்கத்தில் உட்கார்ந்து கவனித்தார். யாரும் கையேட்டைப் படிப்பதில்லை, படித்தாலும் பாதியில் விட்டுவிட்டு எதையாவது தட்டிப் பார்க்கிறார்கள், தெரியாத மெனுவுக்குள் போய்விட்டுத் திரும்பி வர வழி தெரியாமல் தவிக்கிறார்கள். அவரும் கேரிதர்ஸ் என்பவரும் 1984-ல் வெளியிட்ட ஆய்வில் ஒரு வழி சொன்னார்கள். ஆரம்பக்காரர்கள் மாட்டிக்கொள்ளும் மெனுக்களை எடுத்துவிடவில்லை. அவை திரையில் இருக்கும், தொட்டால் இந்த வசதி பயிற்சி மெஷினில் கிடையாது என்று ஒரு வரி வரும், அவ்வளவுதான். சின்னப் பிள்ளை சைக்கிளுக்குப் பக்கச் சக்கரம் மாட்டுவதை வைத்து இதற்குப் பெயரும் கொடுத்தார்கள். அதில் கற்றவர்கள் சீக்கிரம் வேலையைத் தொடங்கினார்கள், தப்புகளில் மாட்டித் தவித்த நேரமும் குறைந்தது.

எக்செலில் இதைச் செய்ய எந்த புரோகிராமும் எழுத வேண்டியதில்லை. ஷீட்டைப் பாதுகாக்கும் வசதி போதும். எல்லாக் கட்டமும் பிறக்கும்போதே பூட்டுக்குத் தயாராகத்தான் இருக்கும், பாதுகாப்பைப் போடும்வரை அந்தப் பூட்டு வேலை செய்யாது. எனவே முதலில் தட்ட வேண்டிய கட்டங்களைத் தேர்ந்தெடுத்து, ஃபார்மேட் செல்ஸ் பெட்டியில் புரொடெக்ஷன் பக்கத்துக்குப் போய் லாக்டு என்பதில் உள்ள டிக்கை எடுங்கள். அதன் பிறகு ரிவ்யூ பக்கத்தில் புரொடெக்ட் ஷீட். இனி அந்தக் கட்டங்களைத் தவிர வேறெங்கும் எதுவும் மாறாது. கட்டத்தின் அலங்காரத்தை மாற்றும் பட்டன்களும் தாமாகவே மங்கிவிடும். நடுவில் வைக்கும் பட்டன் கதை அங்கே முடிந்தது.

டேலி என்ற கணக்கு மென்பொருள் தெரிந்தவர்களுக்கு ஒன்று நினைவுக்கு வரலாம். லைசென்ஸ் இல்லாத கல்விப் பதிப்பில் மாதத்தில் 1-ஆம் தேதி உள்ளிட்ட ஒரு சில நாட்களைத் தவிர வேறு தேதியில் பதிவு போட முடியாது. அதுவும் ஒரு பூட்டுதான், ஆனால் அது கம்பெனிக்காகப் போட்ட பூட்டு, கற்பவருக்காகப் போட்டதில்லை. அதில் பழகிய பிள்ளைகள் எல்லாப் பதிவையும் 1-ஆம் தேதியிலேயே போடும் கையோடு வேலைக்குப் போகிறார்கள். நீங்கள் போடும் பூட்டு என்ன பழக்கத்தை உண்டாக்கும் என்றும் யோசியுங்கள். நான் தேதிக் கட்டத்தைப் பூட்டுவதே இல்லை. நோட்டில் எழுதுவதுபோல் நடுவில் புள்ளி வைத்துத் தட்டி, தேதி இடதுபக்கம் ஒட்டுவதைப் பார்த்து, சாய்கோட்டுக்கு மாறட்டும்.

கோப்பைச் சாதாரண எக்செல் கோப்பாகக் கொடுக்காமல் டெம்ப்ளேட்டாகச் சேமித்துக் கொடுங்கள். இரட்டைக் கிளிக் செய்தால் ஒவ்வொரு முறையும் புதுப் பிரதி திறக்கும், மூலம் கெடாது. சேமிக்கும்போது எங்கே, என்ன பெயரில் என்று கேட்கும். எங்கே சேமித்தோம் என்று தெரியாமல் போவதுதான் புதியவர்களின் பெரிய தலைவலி. அதனால் அந்தக் கேள்வி முதல் நாளிலிருந்தே வரட்டும். ஊர்ப் பெயர், தன் பெயர், தாள் எண் என்று ஒரே வரிசையைப் பழக்குங்கள்.

சரிபார்க்கும் கட்டம்

தாளின் மேலே ஒரு கட்டத்தில் வேலை எந்த நிலையில் இருக்கிறது என்று காட்டலாம். சரியான விடையை மட்டும் அதில் காட்டாதீர்கள். காட்டினால் அதைப் பார்த்து அப்படியே தட்டிவிடுவார்கள். அவர்கள் ஏமாற்றுகிறார்கள் என்று சொல்லவில்லை. தொகை சரியாக இருந்தால் வேலை முடிந்தது என்பதுதான் இத்தனை வருட நோட்டுப் பழக்கம். கால்குலேட்டரில் கூட்டி, விடையை மொத்தக் கட்டத்தில் தட்டிவிட்டு, "ஆச்சு மேடம்" என்பவர்கள் ஒவ்வொரு குழுவிலும் இருப்பார்கள்.

இஸ்ஃபார்முலா என்றொரு ஃபார்முலா இருக்கிறது, எக்செல் 2013 முதல். ஒரு கட்டத்தில் இருப்பது ஃபார்முலாவா, தட்டிய எண்ணா என்று அது சொல்லும். அதை இஃப் ஃபார்முலாவோடு சேர்த்து மூன்று செய்திகள் வையுங்கள்: "மொத்தம் இன்னும் போடவில்லை", "தொகை இருக்கிறது, ஃபார்முலா இல்லை", "சரி". நான்காவதாக, ஃபார்முலா இருக்கிறது ஆனால் தொகை வேறு என்றால், அட்டையின் பின்பக்கம் பாருங்கள் என்று வரட்டும். பக்கத்துக் கட்டத்தில் கவுன்ட், கவுன்ட்ஏ இரண்டையும் வைத்து, நிரப்பிய கட்டம் 15, எண்ணாக இருப்பது 14 என்று காட்டலாம். முதலாவது எண்களை மட்டும் எண்ணும், இரண்டாவது காலியில்லாத எல்லாக் கட்டத்தையும் எண்ணும். இதை முதல் தாளில் வைக்காதீர்கள். கண் பழகுவதற்கு முன் காட்டினால் கண் பழகவே பழகாது.

ஆட்டோசம் பட்டனையும் முதல் தாளில் நான் தருவதில்லை. அது எங்கிருந்து எங்கே கூட்டுவது என்று தானே ஊகித்துக்கொள்ளும், புதியவர்கள் அதை நிமிர்ந்து பார்ப்பதில்லை. சி5-லிருந்து சி19 வரை அவர்கள் கையாலேயே இழுக்கட்டும்.

அட்டை

விளக்கம் எல்லாம் காகிதத்தில் இருக்க வேண்டும் என்பது என் கட்சி. வீடியோ போட்டால் நவீனமாக இருக்கும், உண்மைதான். ஆனால் பதினைந்து அங்குலத் திரையில் வீடியோவும் எக்செலும் மாறி மாறித் திறப்பதே புதியவருக்கு ஒரு தனிப் பாடம். வீடியோவில் பார்த்த கட்டத்தின் எண்ணை மனதில் பிடித்துக்கொண்டு இந்தப் பக்கம் வருவதற்குள் அது நழுவிவிடும். பார்க்க வேண்டிய இரண்டும் இரண்டு இடத்தில் பிரிந்து கிடந்தால் கற்பவரின் கவனத்தில் பாதி அந்த அலைச்சலுக்கே போய்விடும் என்று ஆஸ்திரேலியாவில் ஜான் ஸ்வெல்லரும் அவரோடு வேலை செய்தவர்களும் ஆய்வுகளில் காட்டியிருக்கிறார்கள். அட்டை விசைப்பலகைக்குப் பக்கத்தில் கிடக்கும், விரல் வைத்துப் படிக்கலாம்.

ஏ4 தாளில் பாதி அளவு போதும், லேமினேட் செய்துவிடுங்கள். கேரல் குழுவினரே கையேட்டுக்குப் பதிலாக இப்படி அட்டைகளைக் கொடுத்துப் பார்த்தவர்கள். ஒவ்வொரு அட்டையிலும் நான்கு விஷயம்: என்ன செய்யப்போகிறோம், எங்கே தொடங்கலாம் என்று ஒரு குறிப்பு, சரியாகத்தான் போகிறோமா என்று பார்க்க ஓர் அடையாளம், தப்பினால் மீள வழி. நான் முன்பக்கத்தில் முதல் மூன்றையும் வைத்து, பின்பக்கம் முழுவதையும் நான்காவதுக்கே கொடுத்துவிடுகிறேன். மெனுவின் பெயரைத் திரையில் எப்படித் தெரிகிறதோ அப்படியே அச்சிடுங்கள். முழுத் திரையின் படத்தைச் சுருக்கிப் போடாதீர்கள், எந்த மூலையைப் பார்ப்பது என்று தெரியாது. தேவையான பட்டனைச் சுற்றி இரண்டு விரல் அகலம் வெட்டி, திரையில் தெரியும் அளவிலேயே போடுங்கள்.

பின்பக்கத்தில் கட்டாயம் இருக்க வேண்டிய மீளும் வழிகள்:

கட்டத்தில் #### வந்தால் காசு எங்கேயும் போகவில்லை, அகலம் போதவில்லை. மேலே இருக்கும் எழுத்துகளுக்கு இடையிலுள்ள கோட்டில் இரட்டைக் கிளிக். இதைப் பார்த்து அழும் நிலைக்குப் போனவர்களைப் பார்த்திருக்கிறேன், ஆகவே இது முதல் வரி. அகலத்தை மாற்ற அனுமதிக்கும் டிக்கைப் பூட்டும்போதே போட்டுவைக்க வேண்டும், மறக்காதீர்கள்.

எங்கே கிளிக் செய்தாலும் ஃபார்முலாவுக்குள் கட்டத்தின் பெயர் வந்து சேர்ந்துகொண்டே போனால், எஸ்கேப். சமக்குறி தட்டியபின் எக்செல் ஒவ்வொரு கிளிக்கையும் பதிலாகத்தான் எடுத்துக்கொள்ளும். வெளியே வர வேறெங்காவது கிளிக் செய்வதுதான் மனித இயல்பு, அது இன்னும் சிக்க வைக்கும்.

அம்புக்குறி தட்டினால் கட்டம் நகராமல் ஷீட் முழுவதும் நகர்ந்தால், ஸ்க்ரோல் லாக். என்ன நடந்தது என்றே தெரியவில்லை என்றால் கன்ட்ரோலும் இசட்டும்.

மவுஸ் குறிக்கு மட்டும் தனி அட்டை போடுங்கள். எக்செலில் அது மூன்று வேடம் போடும். பருத்த வெள்ளைக் கூட்டல் குறி என்றால் தேர்ந்தெடுக்கும். கட்டத்தின் ஓரத்தில் நான்கு பக்கமும் அம்பு உள்ள குறி வந்தால், இழுக்கும்போது தொகை அங்கிருந்து இடம்பெயர்ந்துவிடும். வலது கீழ் மூலையில் மெல்லிய கறுப்புக் கூட்டல் குறி வந்தால் கீழே நகலாகும். இரண்டாவதுக்கும் மூன்றாவதுக்கும் இடையில் திரையில் ஒரு கடுகு இடைவெளிகூட இருக்காது. மூன்று படத்தையும் பெரிதாக அச்சிட்டு, மவுஸை அழுத்தாமல் அந்த மூலையில் மெதுவாக ஆட்டி மூன்றையும் வரவழைக்கச் சொல்லுங்கள். இந்த அசைவுக்கு மட்டும் அரை நிமிட வீடியோ வாட்ஸ்அப்பில் அனுப்பலாம், ராத்திரி வீட்டில் பார்த்துக்கொள்ளட்டும்.

உதவியைக் குறைத்துக்கொண்டே வருவது

முதல் தாளில் எல்லாம் நிரப்பியிருக்கும், மொத்தம் மட்டும் அவர்கள் போடுவது. இரண்டாவதில் தொகைகளையும் அவர்களே தட்டுவார்கள். மூன்றாவதில் தலைப்பு மட்டும் இருக்கும், பூட்டு இருக்காது. கூடவே கையால் எழுதிய பேரேட்டுப் பக்கம் ஒன்று. யாருக்கு எப்போது அடுத்த தாள் என்பதை முன்னாலேயே முடிவுசெய்யாதீர்கள், அட்டையைத் திருப்பாமல் முடித்தவருக்கு அடுத்தது கொடுங்கள். தேறியவர் கையில் முதல் தாளையே திரும்பத் திரும்பக் கொடுத்தால் உதவி என்று வைத்ததே அவருக்கு எரிச்சலாகிவிடும்.

மூன்றாவது தாள் செய்யும்போது மென்பொருள் எது என்று கேட்டுக்கொள்ளுங்கள். லிப்ரே ஆபீஸ் கால்க் வைத்திருக்கும் இடங்கள் நிறைய. எக்செலில் 200-ஐ மூலையில் பிடித்துக் கீழே இழுத்தால் 200, 200 என்றே நகலாகும். கால்க்கில் 201, 202 என்று ஏறிக்கொண்டே போகும், கன்ட்ரோலை அழுத்திக்கொண்டு இழுத்தால்தான் நகல். நடுவில் உள்ள பதின்மூன்று பேருக்கும் இப்படி இழுத்துவிட்டால் நம் மொத்தம் 3228. கால்க் வகுப்புக்கான அட்டையில் அந்த எண்ணையும் சேர்த்துவிடுங்கள்.

ஆளை வைத்துப் பாருங்கள்

தாள் தயாரானதும் உங்களைப் போல எக்செல் தெரிந்த நண்பரிடம் காட்டிக் கருத்துக் கேட்காதீர்கள். அவர் எழுத்துப் பிழையைத்தான் சொல்வார். புதியவர் ஒருவரை உட்காரவைத்து, பக்கத்தில் நீங்களும் உட்காருங்கள், கையைக் கட்டிக்கொண்டு. மவுஸைப் பிடுங்க மனம் துடிக்கும். கூடாது. அவர் எந்த வரியில் "மேடம்" என்று திரும்புகிறார் என்பதை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். வடிவமைப்பு ஆய்வாளர் ஜேக்கப் நீல்சன் 2000-ல் எழுதியபோது ஐந்து பேரை வைத்துப் பார்த்தாலே பெரும்பாலான கோளாறு தெரிந்துவிடும் என்றார். என் அனுபவத்தில் மூன்றாவது ஆளே முதல் ஆள் திரும்பிய அதே வரியில் திரும்புவார். அந்த வரியை மாற்றி எழுதுங்கள், இல்லையென்றால் இரண்டு வரியாக உடையுங்கள்.

கடைசித் தாள்: கெட்டுப்போன கணக்கு

இது என் மாணவிகளுக்கு மிகவும் பிடித்த தாள். ஒரு குழுவின் முழு மாதக் கணக்கை நிரப்பி, அதில் வேண்டுமென்றே தப்புகளை விதைத்துக் கொடுப்பேன். ஒரு இடத்தில் 200/-, ஒரு மொத்தத்தில் கடைசி வரி விடுபட்டது, ஒரு வட்டிக் கட்டத்தில் ஃபார்முலாவுக்குப் பதில் தட்டிய எண், ஒரு தேதி எழுத்தாக நிற்பது. தணிக்கைக்கு வந்தவர்கள் மாதிரி கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு ஆரம்பிப்பார்கள். அடுத்தவர் கணக்கில் தப்பு கண்டுபிடிப்பதில் இருக்கிற உற்சாகம் சொந்தத் தாளில் வராது. எத்தனை தப்பு என்று முன்னாலேயே சொல்லிவிடுங்கள், இல்லையென்றால் நிறுத்தமாட்டார்கள்.

அதில் ஒன்று மட்டும் மற்றவற்றைப் போல இருக்கக் கூடாது. பெயர்ப் பத்தியை மட்டும் தேர்ந்தெடுத்து அகர வரிசையில் அடுக்குங்கள். பக்கத்துத் தொகைகளையும் சேர்த்து நகர்த்தட்டுமா என்று எக்செல் கேட்கும், வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். பெயர்கள் இடம் மாறும், தொகைகள் பழைய இடத்திலேயே நிற்கும். ஒருவர் கட்டிய 300 இன்னொருவர் பெயரில். மொத்தம் ஒரு ரூபாய்கூடக் குறையாது, எல்லா எண்ணும் வலதுபக்கம் ஒழுங்காக நிற்கும், சரிபார்க்கும் கட்டமும் சரி என்றே காட்டும். இதைக் கண்டுபிடிக்கத் திரைக்கு வெளியே ஒரு சாட்சி வேண்டும். அதனால் கடைசித் தாளோடு பதினைந்து ரசீதுகளையும் அச்சடித்து ஒரு கவரில் போட்டுக் கொடுங்கள். ரசீதுகளைக் கலைத்துப் போட வேண்டும். பழைய வரிசையிலேயே அடுக்கிக் கொடுத்தால், பெயரைப் பார்க்காமல் மேலிருந்து கீழே தொகையை மட்டும் ஒப்பிட்டு, எல்லாம் சரி என்று எழுந்துவிடுவார்கள்.